தையலில் சிக்கிய ஊர்

பாங்காக்குக்கும் ரங்கூனுக்கும் நடுவில் அவள் அந்த ஊரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கிடைக்கவில்லை.

அட்லஸை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மலை இருந்தது. கடல் இருந்தது. தவாய் மட்டும் இல்லை.

நாலு மணிக்குள் கதை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

முப்பத்தோரு வாரமாக மணிப்புறா என்ற விமானம் உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓட்டுபவன் ஞானவேல், வயது பதினாறு. பக்கத்து இருக்கையில் அவன் தங்கை தமயந்தி. சிறுவர் பத்திரிகையில் ‘ககனன்’ என்ற பெயரில் அவள் எழுதும் தொடர். ககனன் மாமா பெரிய விமானி என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ககனன் மாமா ராயபுரத்தைத் தாண்டியதில்லை. கணவரின் பள்ளிக்கூட அட்லஸில், பூக்கட்டும் நாரை வைத்து அளந்துதான் பசிபிக்கையே கடந்தாள்.

போன வாரம் மணிப்புறா பாங்காக்கிலிருந்து கிளம்பிவிட்டது. இன்று கடைசி அத்தியாயம். நாலே பக்கம். அதற்கு மேல் ஒரு வரி கிடையாது என்று ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். நாலையும் சென்னை வரவேற்புக்கென்று முதல் வாரமே மனசுக்குள் ஒதுக்கி வைத்திருந்தாள். மேளதாளம், மாலை, தீவுத்திடல் கொள்ளாத கூட்டம். நேற்றே எழுதியும் முடித்துவிட்டாள். எழுதும்போது அவளுக்கே கண் கலங்கியது.

காலைத் தபாலில் வந்தது கடிதம். பர்மா தபால்தலை.

‘ககனன் மாமாவுக்கு, தவாய் குடைக்கடை மகள் கதீஜா எழுதுவது. பத்திரிகையில் போட்ட மணிப்புறா வரும் வழியில் எங்கள் ஊர்ப் பெயர் இல்லை. பாங்காக்கிலிருந்து ரங்கூன் போக எங்கள் ஊர் மேலேதான் வர வேண்டும். இறங்க வேண்டாம். கொஞ்சம் தாழப் பறந்தால் போதும். மாடியில் நின்று வெள்ளைத் துணி காட்டுவேன். கதை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் காட்டுவேன்.’

கடைசி இரண்டு வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள்.

பிள்ளை பொய் சொல்லாது. அட்லஸ்தான் எதையோ மறைக்கிறது.

போன வருஷம் தாள்கள் கழன்றபோது கணவர்தான் கோணி ஊசியும் சணலுமாக உட்கார்ந்து தைத்தார். யானை இழுத்தாலும் வராது என்று பெருமை வேறு. ஒவ்வொரு தாளிலும் ஒரு விரல் அகலம் தையலுக்குள் போயிருந்தது.

அரிவாள்மணையில் சணலை அறுத்தாள்.

வலது தாளின் இடது ஓரம் விரிந்தது. கடலை ஒட்டி, பொடி எழுத்தில், தவாய்.

ஊசி குத்திய ஓட்டை ஊரின் நட்டநடுவில் இருந்தது.

“அடப் பாவமே” என்றாள்.

மணி இரண்டு.

வரவேற்பை எடுத்து ஒருமுறை படித்தாள். நன்றாகத்தான் இருந்தது. நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தாள்.

காட்டுக்கு மேல் மணிப்புறாவின் எஞ்சின் இருமியது. பெட்ரோல் குழாயில் அடைப்பு. கீழே இறங்கக் கையகல இடம் தெரியவில்லை. தமயந்திதான் முதலில் பார்த்தாள். தூரத்தில் ஒரு மாடியில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. மாடி இருந்தால் ஊர் இருக்கும். ஊர் இருந்தால் திடல் இருக்கும்.

இறங்கினார்கள். அடைப்பை எடுக்க மெல்லிய கம்பி வேண்டியிருந்தது. குடைக்கடை மகள் ஓடிப்போய்க் குடைக்கம்பி கொண்டுவந்தாள்.

பேனா நிற்கவே இல்லை. நாலாம் பக்கத்தின் அடியில் ஒரு வரிக்குத்தான் இடம் மிஞ்சியது.

மூன்றே முக்காலுக்குக் கணவர் வந்தார். அச்சகத்துக்குக் கொண்டுபோவது அவர் வேலை. நின்றபடியே படித்தார்.

“என்னா இது? மெட்ராஸ்ல வந்து எறங்குனது ஒரே வரியா?”

“அவங்க ஊருதானேங்க. வழி தெரியும், வந்துடுவாங்க.”

அவிழ்ந்து கிடந்த அட்லஸைப் பார்த்தார். “யானை இழுத்தாலும்...” என்று ஆரம்பித்தார். பக்கத்திலிருந்த கடிதத்தைப் படித்தார்.

பக்கங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வழக்கத்தைவிட வேகமாகப் படியிறங்கினார்.

அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. கோணி ஊசியைத் தேடி எடுத்தாள். தாள்களை அடுக்கித் தட்டிச் சமன் செய்தாள்.

இந்த முறை ஓரமாகத் தைத்தாள்.

ஊசியைக் கடலில் இறக்கினாள்.