பத்திரம்

“இது பத்திரம்மா. எல்லார்ட்டயும் கையெழுத்து வாங்கச் சொல்றாரு முதலாளி. கூடப் பொறந்தவளா நெனச்சுச் சொல்றேன், யோசிச்சுப் போடுங்க.”

காட்டேஜ் மேனேஜர் ராஜமுருகன் நீட்டிய தாள் முழுக்க இங்கிலீஷ். பேத்துப்பாறை கிராமத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த ஆக்ஸிலியா, நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இப்படி ஏதோ ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் அவள் அப்பா கேரட் தோட்டத்தைப் பறிகொடுத்தார்.

“போடலேன்னா சோலி இல்லையா சார்?”

“யாரு சொன்னா? சீசன் முடியுற வரைக்கும் ரூம் கிளீனிங் பாருங்க. பத்திரம் வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

“வேண்டாங்க சார்.”

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். மழை பிடித்துக்கொண்டது. குடையை உள்ளேயே வைத்துவிட்டது நினைவு வர, திரும்பினாள். ராஜமுருகன் போனில் பேசுவது கதவுக்கு வெளியே கேட்டது.

“ஒருத்தரும் போடல முதலாளி. வார லீவு, பி.எஃப்., அடிபட்டா வைத்தியச் செலவு, எதுவும் இனி நம்ம தலையில விழாது. லேபர் ஆபீசர் வந்து கேட்டா, அவங்களே வேண்டாம்னுட்டாங்கன்னு சொல்லிக்கலாம். வேலை ஒப்பந்தம்னு சொல்லியிருந்தா வரிசையில நின்னு போட்டிருப்பாங்க. பத்திரம்னேன், பயந்துட்டாங்க.”

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள் ஆக்ஸிலியா. குடையைத் தொடவில்லை. மேசையில் கிடந்த பேனாவை எடுத்தாள்.

“குடுங்க சார், போடுறேன். எனக்கும் ஒரு ஜெராக்ஸ் வேணும். பத்திரமா வச்சுக்கிறேன்.”