சர்வர் ரூம் குளிர்

"மறுபடியும் மெயில் படுத்துடுச்சா?"

இயக்குநர் கூட்ட அறைக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டுதான் வந்தார். மொத்த மியூசியமும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"வெளிநாட்டு மியூசியத்துலேர்ந்து கண்காட்சிக்குக் கூப்பிட்டு அனுப்பின மெயில் திரும்பிப் போயிருக்கு. நாம இழுத்து மூடிட்டோமான்னு போன் பண்ணிக் கேக்கறாங்க. மானம் போகுது!"

கணினி அதிகாரி எழுந்து நின்றாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் திட்டு வாங்குவதில் நல்ல அனுபவம் வந்துவிட்டது.

"மெயில் சர்வருக்கு வயசாயிடுச்சு சார். சூடாகி சூடாகி நின்னுடுது. நம்ம மெயிலை நாமளே வெச்சு மாரடிக்க வேண்டாம். அதுக்குன்னே கம்பெனிங்க இருக்கு, மாசச் சந்தா கட்டினா அவங்க பாத்துக்குவாங்க. அங்க மாத்திட்டு, இந்த சர்வரைத் தூக்கிடலாம்."

"முதல்ல அதைச் செய்ங்க."

"கூடாது!" என்றது ஒரு குரல்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிலிம்காரர். பழைய புகைப்பட பிலிம்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

"ஏன் கூடாது?"

"இங்கேர்ந்து ஒரு பொருள் வெளிய போகணும்னா கேட் பாஸ் வேணும். மெயிலும் மியூசியப் பொருள்தான். ஒவ்வொண்ணுக்கும் கேட் பாஸ் போட்டு அனுப்பட்டும்."

அறையே சிரித்தது. "இவரையே கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கணும்ப்பா" என்று யாரோ முணுமுணுக்க, இன்னும் பலமாகச் சிரித்தது.

பிலிம்காரருக்கு மெயிலைப் பற்றி எந்தக் கவலையும் கிடையாது. அவர் கவலை வேறு.

அவர் அறையும் சர்வர் அறையும் ஒட்டிக்கொண்டிருந்தன. பிலிமுக்குச் சூடு ஆகாது. சூடு ஏறினால் வினிகர் வாடை அடிக்கும், சுருங்கும், அப்புறம் படமே இருக்காது. ஏசி கேட்டுக் கேட்டு மனிதர் அலுத்துப்போனார். "செத்துப்போனவங்க போட்டோவுக்கு ஏசியா?" என்று துரத்திவிட்டார்கள். சர்வர் வந்தது. கேட்காமலே அதற்குப் பெரிய ஏசியும் வந்தது.

ஒருநாள் யாருமில்லாத நேரம் பார்த்து, நடுச்சுவரில் அடைத்துக்கிடந்த காற்றுத் துளையின் பலகையைக் கழற்றிவிட்டார். அன்றிலிருந்து பக்கத்து அறையின் குளிரில்தான் அவருடைய பிலிம் பெட்டிகள் உயிர் வாழ்ந்தன.

சர்வர் போனால் ஏசியும் போகும். உண்மையைச் சொன்னால் துளையை அடைத்துவிடுவார்கள். பாவம், மனிதர் கேட் பாஸைப் பிடித்துக்கொண்டார்.

அது எடுபடவில்லை. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றார். புதிது போட்டுக் கொடுத்தாள். பழைய மெயிலையெல்லாம் ஒழுங்குபடுத்த வேண்டும் என்றார். "அப்படியே மூட்டையா கட்டிக்கறேன் சார்" என்றாள். எதற்கும் மசிகிற பெண்ணாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை அவர் அறைக்கே வந்து நின்றாள்.

"எல்லார் மெயிலும் போயாச்சு சார். உங்களோடது மட்டும்தான் பாக்கி. புது இடத்துல நீங்க ஒரு தடவை உள்ள நுழைஞ்சா முடிஞ்சுடும்."

"மாட்டேன்னா?"

"நாளைக்கு சர்வரை நிறுத்தப்போறேன். உங்க மெயில் நடுத்தெருவுல நிக்கும்."

"எதையாவது காப்பாத்தணும்னு உனக்கு என்னிக்காவது தோணியிருக்காம்மா? மனசாட்சியே கிடையாதா உனக்கு?"

அவள் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பாஸ்வேர்டைத் தட்டினார்.

புது இடத்தில் மெயில் வருகிறதா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை மியூசியமே திரண்டிருந்தது.

"வந்துடுச்சு!" என்று கணக்குப் பிரிவிலிருந்து ஒரு கூச்சல். "எனக்கும் வந்துடுச்சு!" என்று நூலகத்திலிருந்து இன்னொன்று. வெளிநாட்டுக்காரர்களின் அழைப்பு இயக்குநருக்கு மறுபடி வந்து சேர்ந்தது. ஒரு மெயில்கூடத் தொலையவில்லை. இயக்குநர் எழுந்து நின்று கைதட்ட, வராந்தா முழுக்கக் கைதட்டல்.

பிலிம்காரர் மட்டும் தன் அறையில் ஒரு பெட்டியைத் திறந்து, முகர்ந்து பார்த்து, மூடினார். அவருக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை வந்தபோது சர்வர் அறை வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்தார். உள்ளே சர்வர் இல்லை. சுவரோரமாகப் புது இரும்பு அலமாரிகள் வரிசையாக நின்றன. ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏசியை எப்பக் கழட்டப்போறீங்க?" என்றார்.

"எதுக்குக் கழட்டணும்?" என்றாள் கணினி அதிகாரி. "உங்களுக்காகத்தான் காத்திருக்கோம். நீங்க இல்லாம உங்க பெட்டியை யார் தொடறது? எது முதல்ல வரணும்னு சொல்லுங்க சார்."

"என் பெட்டியா? இங்கயா?"

"இனிமே இதுதான் பிலிம் ரூம். நேத்து கைதட்டின சூட்டோட இயக்குநர்கிட்ட கேட்டேன். சந்தோஷத்துல சரின்னுட்டார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? நான் உன்னை என்னவெல்லாம் பேசிட்டேன்!"

"ரூம் காலியாகுதுன்னு மூச்சு விட்டிருந்தா எல்லாப் பிரிவும் துண்டு போட்டிருக்கும் சார்."

பிலிம்காரர் ஏசிக்கு நேர் எதிரே போய் நின்றார். குளிர் முகத்தில் அடித்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை.

"நல்லவேளைம்மா, அந்த சர்வருக்கு வயசாச்சு. அது மட்டும் ஒழுங்கா ஓடியிருந்தா எனக்கு இந்த ரூம் கிடைச்சிருக்குமா?"

அவள் ஆட்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"சர்வருக்கு ஒரு குறையும் இல்ல சார். நான் வந்த முதல் வாரமே உங்க சுவத்துத் துளையை அடைச்சிருந்தா, இன்னிக்கும் ஜம்முனு ஓடிட்டிருக்கும்!"