லூசி உட்காரும் இடம்

“அந்த நாய அவுத்து விடாதீங்க,” என்று துஷாந்தினி கும்பிட்டாள். கும்பிட்ட கையெல்லாம் சேறு. விடிகாலையில் வந்த மண்சரிவு, நமுனுகுல மலையோரத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவை விழுங்கி ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனதால் அவள் தப்பினாள். உள்ளே புருஷன் நிமலன் படுத்திருந்தான்.

நாயைக் கொண்டுவந்தவர் இன்ஸாப். பட்டாளத்தில் ஆள் தேடும் நாய்களைப் பழக்கியவர். ஓய்வு பெற்றபோது இதையும் தன்னோடு வெலிமடைக்குக் கூட்டி வந்துவிட்டார். பெயர் லூசி, பெயர்தான் சாது, ஆள் வாட்டசாட்டமான அல்சேஷன். கடித்துக் குதறும் சாதி என்று லயமே பத்தடி தள்ளி நின்றது.

துஷாந்தினி பயந்தது பல்லுக்கு அல்ல. போன வருஷம் பக்கத்துத் தோட்டத்து மண்சரிவுக்கும் இதே லூசிதான் வந்ததாம். நாள் முழுக்க வாயே திறக்காமல் மோப்பம் பிடித்துத் திரிந்து, மூன்று இடத்தில் உட்கார்ந்ததாம். மூன்று இடத்திலும் பிணம். இது உட்காரும் வரைக்கும்தான் தனக்குப் புருஷன் என்று அவள் நினைத்தாள். இன்ஸாப் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தார். அது அவள் காதில் ஏறவில்லை.

அவர் வாரை அவிழ்த்தார். பின்னங்காலை நொண்டியபடி லூசி சேற்றில் ஏறி, அடுப்படி இருந்த இடத்தில் நின்றது. பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. உட்காராதே, உட்காராதே என்று துஷாந்தினி முருகனை விட்டுவிட்டு நாயையே வேண்டினாள்.

நல்லவேளை, வழுக்கியதுதான். சமாளித்து இன்னும் நாலடி நடந்து மூக்கை மண்ணில் புதைத்தது. அடுத்த கணம் கழுத்து மயிர் சிலிர்க்க, வெறி பிடித்ததைப்போலக் குரைக்கத் தொடங்கியது. முன்னங்கால் இரண்டாலும் மண்ணைப் பிறாண்டி எறிந்தது.

“ரத்த வாட கண்டுருச்சு, குதறிப்புடும்,” என்றாள் பக்கத்துக் காம்பரா பெரியாயி.

துஷாந்தினிக்குப் பாதி உயிர் போய்விட்டது. செத்த புருஷனையாவது முழுசாகப் பார்க்க விடாதா இந்தச் சனியன்? மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நாயை அடிக்க ஓடினாள்.

ஓங்கிய கையை இன்ஸாப் எட்டிப் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“உசுரு இருந்தாத்தான் இவ குரைப்பா, தங்கச்சி.”