நடுப்பலகை

"மேஜை பழையபடி முழுசா நிக்கணும். அதுவரைக்கும் உங்க தம்பி ஆலயத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது. கமிட்டியில நான் சொன்னதுதான். மாத்திச் சொல்ல மாட்டேன்."

தையற்காரியிடம் இதைச் சொன்னபோது தச்சர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஒரு பலகையை இழைப்பதிலேயே குறியாக இருந்தார்.

அவளுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. சனிக்கிழமை தம்பி மகளுக்குக் கல்யாணம். பெற்ற அப்பன் கேட்டுக்கு வெளியே நிற்க, பெண் யார் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவாள்? "அப்பா வராத கல்யாணம் எனக்கு வேண்டாம் அத்தை" என்று அவள் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள்.

தம்பி செய்தது சின்னத் தப்பில்லை. ஆராதனை நடுவில் குடித்துவிட்டு வந்து, கையில் கிடைத்த இரும்பு விளக்குத் தண்டால் அப்பமும் ரசமும் வைக்கும் திருவிருந்து மேஜையில் ஓங்கி ஒரு போடு. நடுப்பலகை நொறுங்கிவிட்டது. அன்றோடு குடியை விட்டான். விட்டதைத் தெருவே நம்பியது. சபைக் கமிட்டி நம்பவில்லை.

உடைந்த மேஜை இப்போது இதே பட்டறை மூலையில்தான் கிடந்தது, வயிறு கிழிந்த மாதிரி.

"புதுப் பலகை நாங்க வாங்கித் தர்றோம்ணே."

"சேராதுக்கா. பழைய மரத்துக்குப் பழைய மரந்தான் போடணும். புது மரம் சுருங்கி இடைவெளி விட்டுரும். ஒரு மழைக்காலம் தாங்காது."

"பழைய மரக்கடை ஒண்ணு விடாம நானும் அவனும் அலசிட்டோம். அந்த மாதிரி மரம் இப்ப வர்றதே இல்லையாம்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே கேட்டா என்ன அர்த்தம்?"

"முழுசா நிக்கணும்னு அர்த்தம்."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"கரையான் அரிச்ச நாற்காலியைத் தூக்கிட்டு வந்தாக்கூட, எறியாதீங்க, நான் பாத்துக்கறேன்னு வாங்கி வெச்சுக்கறீங்க. என் தம்பி அதைவிடக் கேவலமாப் போயிட்டானா?"

"நாற்காலியால எனக்குக் கமிட்டியில சண்டை வர்றதில்லையேக்கா."

"ஜெபத்துல மட்டும் அப்படி உருகறீங்க."

"இழைப்புளி சத்தத்துல நீங்க சொல்றது சரியாக் கேக்கல. உள்ள அவ இருக்கா. தண்ணி குடிச்சுட்டுப் போங்க."

தண்ணீர் யாருக்கு வேண்டும்? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் பட்டறைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் நுழைந்தாள்.

தச்சர் மனைவி பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. நீங்களும் இப்படிக் கீழதான் உக்காரணும்."

"உக்கார வரலை. உன் புருஷனுக்கு நெஞ்சுக்குள்ள இருக்கறதும் மரந்தானா?"

"கல்யாணமான நாள்லேருந்து எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. என்ன சொன்னார்?"

தையற்காரி ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள். தச்சர் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கமிட்டியில அன்னிக்கு நடந்தது உங்களுக்குத் தெரியாதுக்கா. ஆயுசுக்கும் உள்ள விடக் கூடாதுன்னு பொருளாளர் ஒத்தக் கால்ல நின்னார். எல்லாரும் தலையாட்டிட்டாங்க. இவர்தான் எந்திரிச்சு, மேஜை முழுசா நின்னா விட்டுரணும், சம்மதமான்னு கேட்டிருக்கார். அது எங்க நிக்கப்போகுதுன்னு எல்லாரும் சரின்னுட்டாங்க."

"அப்ப அவங்க கதவைச் சாத்தினாங்க, உன் புருஷன் பூட்டுப் போட்டார். நடக்காத காரியத்தைச் சொன்னா வேற என்னவாம்?"

"நடக்காதுன்னு யார் சொன்னா?"

"மரமே கிடைக்கலைங்கறேன்."

"கடையில கிடைக்காதுக்கா. அந்த மேஜையைச் செஞ்சது இவரோட தாத்தா. அதுல மிஞ்சின பலகையிலதான் இந்த வீட்டுக்கும் ஒரு சாப்பாட்டு மேஜை செஞ்சார். காலையில இவர் அதைப் பிரிச்சுட்டார். இப்ப இழைச்சுக்கிட்டிருக்காரே, அதுதான்."

தையற்காரி அப்போதுதான் அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிள்ளைகள் தரையில் வரிசையாகத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அறை வெறுமையாகக் கிடந்தது.

வெளியே இழைப்புளி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இதை அவரே என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள். குரல் இறங்கிப் போயிருந்தது.

"தம்பிக்குத் தெரிஞ்சா, அந்த மேஜையைப் பார்க்கறப்பல்லாம் தலையைக் குனிஞ்சுக்குவானாம். அதான். நீங்களும் மூச்சு விட்ராதீங்க. மரம் கிடைச்சுதுன்னு மட்டும் சொல்லுங்க."

"அப்ப அவன் என்னதான் செய்யணும்?"

தச்சர் மனைவி கரண்டியைத் திரும்பக் கையில் எடுத்தாள்.

"சனிக்கிழமை நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு, மகளைக் கைப்பிடிச்சு உள்ள வரச் சொல்லுங்க."