பீரோவுக்குள் ஒரு ஆம்ப்

சேவியர் பாதியில் விட்டுப்போன பாட்டை முடித்தே தீருவதென்று பிரபாகர் கணினி முன்னால் உட்கார்ந்து மூன்று வாரமாகிறது. இசை மென்பொருளில் கிடார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்புகளுக்கும் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் குறைவில்லை. எதை எதோடு சேர்த்துப் பார்த்தாலும் செத்துப்போன நண்பனின் கிடார் சத்தம் மட்டும் வரமாட்டேன் என்றது. கடைசியில் சேவியரின் மனைவி லிடியாவிடமே கேட்டான்.

"கீழ்வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்கன்னு ஆம்பைத் தூக்கி பீரோவுக்குள்ள வச்சுதாண்ணே வாசிப்பாரு."

மறுநாளே மைக்கோடு லிடியா வீட்டில் போய் நின்றான் பிரபாகர். அந்த பீரோவின் அதிர்வைப் பதிவுசெய்து மென்பொருளில் ஏற்றிவிட்டால் அதுவே சேவியரின் ஸ்பீக்கர் பெட்டி. சேவியரின் ஆம்பையும் மைக்கையும் உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, கிடாரை வாசித்தான். ஹெட்போனில் வெறும் தகரம் அலறியது; சத்தத்தை உறிஞ்ச உள்ளே எதுவும் இல்லை.

"உள்ள வேற என்னம்மா இருந்துச்சு?"

"அவரு சட்டைங்கதான். முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச கையோட எல்லாத்தையும் குடுத்துட்டேனே."

லிடியா அடுத்த அறைக்குப் போனாள். கை நிறையத் தன் புடவைகளோடு திரும்பி வந்து, காலி ஹேங்கர்களில் ஒவ்வொன்றாக மாட்டினாள். பிறகு கதவைத் தானே சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"இப்ப வாசிங்கண்ணே."

பிரபாகர் கம்பியில் விரலை வைத்தான். சேவியரின் சத்தத்துக்காகக் கதவில் சாய்ந்து காத்திருந்தவளைப் பார்த்தவன் மீட்டவில்லை.