பழைய ஃபைபர் படகு

பிப்ரவரி 9, ஞாயிறு. மீன்பிடித் துறைமுகத்தில் பதினேழு விசைப்படகுகள் இருந்தன. பதினேழுக்கும் டிரைவர்கள் இருந்தார்கள். தெற்கு ஓரத்தில் ஒரு பழைய ஃபைபர் படகு விற்பனைக்கு நின்றது.

அதைப் பார்க்க வந்தவன், அந்த விசைப்படகுகளில் ஒன்றைப் பதினோரு வருடமாக ஓட்டுகிறவன். மனைவியும் கூட வந்திருந்தாள்.

"முதலாளி தும்மினாக்கூட 'சரிங்கய்யா'ங்கறீங்க. இதையாவது வாங்கித் தொலைங்க" என்றாள்.

"எஞ்சின் ஒரே இழுப்புல பிடிக்கும் தம்பி. இன்னிக்கே முடிச்சிடலாம்" என்றார் படகுக்காரர்.

அவன் படகின் அடிப்பாகத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனான். பின்பக்கம் வந்ததும் சத்தம் மந்தமாகியது. மறுபடியும் தட்டிப் பார்த்தான்.

"உள்ள தண்ணி இறங்கியிருக்குண்ணே. போன வாரம் மேலோட்டமாப் பார்த்துட்டு வாங்கிக்கறேன்னு சொன்னது என் தப்புதான். மன்னிச்சுக்குங்க, வேணாம்."

"அப்ப திரும்பவும் அவர்கிட்டயேவா?" என்றாள் மனைவி.

"மூழ்கறதுக்குத் திட்டு வாங்கறது தேவலை. நாளைக்கும் முதலாளி படகுதான்."

படகுக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அதுல ஒரு சிக்கல் தம்பி. நீ வாங்கறேன்னு சொன்னதை நம்பி, முந்தாநாளே உன் முதலாளியைப் போய்ப் பார்த்தேன். உன் வேலையை எனக்குக் கொடுத்துட்டார்."

திங்கட்கிழமை காலை முதலாளியின் விசைப்படகும் பழைய ஃபைபர் படகும் கடலுக்குப் போயின. ஃபைபர் படகில் அவன் எஞ்சினைப் பிடித்திருந்தான்; மனைவி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.