முடியாது என்று ஒரு கடிதம்

“முடியும்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க சார். அது போதும்.”

“முடியாததை முடியும்னு எப்படிம்மா எழுதறது?” என்றார் டிங்கர்.

அவருடைய சொந்தப் பெயர் தொழில் வட்டாரத்தில் யாருக்கும் நினைவில்லை. அடிபட்ட காரைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்து நிறுத்துகிறவர்களைப் போல, கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்குக் கம்ப்யூட்டரில் நடத்தும் பயிற்சிப் பாடங்களை நிமிர்த்திக் கொடுப்பது அவர் பிழைப்பு. பாடத்தைத் தயாரித்த மூலக் கோப்பு தொலைந்துபோய், வெளியிட்ட பிரதி மட்டுமே மிஞ்சியிருந்தால், ஆட்கள் தேடி வருவது இவரைத்தான். அதனால் அந்தப் பட்டப்பெயர்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் அவருடைய விசிட்டிங் கார்டையே எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“‘மூலக் கோப்பு இல்லாவிட்டாலும் திருத்தித் தரப்படும்’னு நீங்களே போட்டிருக்கீங்களே?”

“அது விளம்பரம்மா. கல்யாணத் தரகர் சொல்றதை அப்படியே நம்பியா பொண்ணு குடுக்கறாங்க? நாலு வார்த்தை கூட்டித்தான் போடுவோம். லோகோ மாத்துவோம், கலர் மாத்துவோம். அதோட சரி.”

அவள் கணவன் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் ஆபரேட்டர். அணைத்த பத்தாவது நிமிடம் மூடியைத் திறந்தான்; நீராவி சீறிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற கூட்டாளி செத்துப்போனான். இவனுக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று. பத்து நிமிடம் காத்திருந்தால் போதும் என்றுதான் பாடத்தில் இருந்தது என்கிறான். கம்பெனி பாடத்தைத் திறந்து காட்டுகிறது. எழுத்திலும் முப்பது நிமிடம், குரலிலும் முப்பது நிமிடம். நாளைக்கு விசாரணை.

“விபத்துக்கு அப்புறம் மாத்திட்டாங்க சார். கேட்டா, ‘மூலக் கோப்பே எங்ககிட்ட இல்ல, நாங்க எப்படி மாத்த முடியும்’கறாங்க. விசாரிக்கற அதிகாரியும் தலையாட்டறார். மாத்த முடியும்னு உங்களை மாதிரி விவரம் தெரிஞ்சவர் சொன்னா...”

“வெந்த முட்டையை மறுபடியும் பச்சை முட்டை ஆக்க முடியுமா? வெளியிட்ட பாடம் அப்படித்தான். எழுத்தை மாத்தினா குரல் காட்டிக் குடுத்துடும். குரலை மாத்தினா காது கண்டுபிடிச்சுடும்.”

“செத்தவரோட பொண்டாட்டி எங்க வாசல்ல நின்னு சாபம் விட்டுட்டுப் போனா சார். விபத்துக்கு முன்னாடி வரைக்கும் அவளும் நானும் அக்கா தங்கச்சி மாதிரி. இப்ப அவ பிள்ளைங்க என் பிள்ளைங்களைப் பார்த்தா ‘கொலைகாரன் வீடு’ங்குது. எங்க வீட்டுக்காரருக்கு நான்தான் ஊட்டிவிடறேன். ரெண்டு வாய்க்கு மேல வாங்க மாட்டேங்கறார்.”

டிங்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

“கேக்கவே கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இந்தப் பாடத்தையெல்லாம் எவன் முழுசா பார்க்கறான்? தூக்கக் கலக்கத்துல ‘அடுத்தது, அடுத்தது’ன்னு தட்டிட்டுப் போறதுதான். முப்பது பத்தா தெரிஞ்சிருக்கும்.”

“மாத்திரை அட்டையைக்கூட ரெண்டு தடவை படிக்கிற மனுஷன் சார் அவர்!”

“படிச்சவர் ஏம்மா திறந்தார்?”

அவள் சந்தையில் விலை கேட்பவளைப் போலப் படிப்படியாக இறங்கி வந்தாள்.

“சரி, ‘முடியலாம்’னு எழுதுங்க.”

“‘லாம்’ எல்லாம் கிடையாது.”

“‘கஷ்டம், ஆனா முடியாதுன்னு சொல்றதுக்கில்ல’?”

“சொல்றதுக்கு இருக்கும்மா. முடியவே முடியாது.”

டிங்கர் ஒரு படிகூட இறங்குவதாக இல்லை. அவள் பெருமூச்சு விட்டாள்.

“அப்ப முடியாதுன்னாவது எழுதிக் குடுங்க. வக்கீல்கிட்ட காட்டிட்டு இந்த வழியை விட்டுடறேன். வெறுங்கையோட போனா, இதே தொழில்ல இருக்கற இன்னும் நாலு பேரைப் போய்ப் பாருன்னு துரத்துவார்.”

நாலு பேர் என்றதும் டிங்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நாலு பேரில் ஒருத்தனுக்கும் வாயில் பூட்டு கிடையாது. லெட்டர்ஹெட்டை எடுத்தார், மளமளவென்று எழுதினார். ‘வெளியிடப்பட்ட பயிற்சிப் பாடத்தின் எழுத்தையோ குரலையோ, மூலக் கோப்பு இன்றி எவராலும் மாற்ற இயலாது.’

எட்டிப் பார்த்தவள் சொன்னாள்: “எந்தக் காப்பியா இருந்தாலும்னு ஒரு வார்த்தை சேர்த்துடுங்க சார். வக்கீல் ஏதாவது நொட்டை சொல்லுவார்.”

ஆள் எழுந்து போனால் போதும் என்றிருந்தது டிங்கருக்கு. ‘எந்தப் பிரதியாக இருந்தாலும்’ என்று சேர்த்தார். இருபது வருட அனுபவம் என்பதையும் தாராளமாகச் சேர்த்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

அவள் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். நான்காக மடித்துக் கைப்பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

“வேலைக்குச் சேர்ந்த வாரமே அந்தப் பாடத்தை எங்க வீட்டுக்காரர் போன்ல இறக்கி வெச்சிருந்தார் சார். அதுல பத்து நிமிஷம்தான். அதைக் காட்டினதுக்கு, நாங்கதான் யாரையோ பிடிச்சுத் திருத்திட்டோம்னு கம்பெனி சொல்லுது. அவங்க மாத்தியிருக்க முடியாதாம், நாங்க மட்டும் மாத்தியிருக்க முடியுமாம். எவராலும் முடியாதுன்னு நாளைக்கு உங்க கடுதாசி சொல்லிடும். வரேன் சார்.”

அந்தக் கடிதம் சுத்தப் பொய் என்று சொல்ல உலகத்தில் டிங்கரிடம் இருந்தது ஒரே ஒரு சாட்சிதான்: போன மாதம், அதே பாடத்தின் வேறொரு பக்கத்திலிருந்து ‘முப்பது’ என்ற குரலை வெட்டியெடுத்து, ‘பத்து’ இருந்த இடத்தில் தடம் தெரியாமல் ஒட்டிக் கொடுத்த அவருடைய சொந்தக் கை.